அம்மாவின் சுங்குடியை வெட்டும் முன்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 43. நானும் மகளும் போடுவதை வீட்டிலேயே தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், நைட்டி எல்லாம் கைக்கு வரும். வெளிநாட்டு காகித பேட்டர்ன் ஒன்று வாங்கினேன். ஏ-லைன் கவுன், அதாவது கீழே போகப் போக விரிகிற மாதிரி, முழங்காலுக்குக் கீழே வரும், முன்பக்கம் சைடில் மார்பை நோக்கி மடித்துத் தைக்கிற ஒரு டாட். என் மார்பு அளவு 40. அட்டவணையில் 40 போட்டிருந்ததைப் பார்த்து வெட்டித் தைத்தேன். மார்பில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோள் இரண்டும் வழிகிறது, ஆர்ம்ஹோல் (கை பொருத்துகிற வளைவு) வாய் பிளந்து நிற்கிறது, முன்பக்க ஓரம் பின்பக்கத்தைவிட ஒரு இஞ்ச் மேலே ஏறியிருக்கிறது. சைடில் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன். இப்போது மார்பும் இறுகிவிட்டது, தோள் மட்டும் அப்படியே வழிகிறது. இதே கவுனை அம்மாவின் சுங்குடிப் புடவையில் தைத்துப் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. புடவை 46 இஞ்ச் அகலம், இரண்டு பக்கமும் கரை. கத்தரி வைக்கக் கை வரவில்லை. என் அளவுகள்: உயரம் 155 செ.மீ., மேல் மார்பு (மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டிய சுற்றளவு) 36, மார்பு 40, இடுப்பு 35, சீட் (பின்புறச் சுற்றளவு) 41, ஷோல்டர் 14, முதுகு நீளம் 14¾. பேட்டர்னை எனக்குத் தகுந்தபடி மாற்ற முடியுமா, இல்லை என் உடம்புக்கு கவுனே சரிவராதா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கத்தரி வைக்கக் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தக் கைக்கு முதலில் ஒரு சபாஷ். உங்கள் கடைசி வரியை மட்டும் நான் படிக்காததாக வைத்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன். கவுன் சரிவராத உடம்பை இதுவரை பார்க்கவில்லை. சரிவராத பேட்டர்ன்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அளவுகளில் என் கண் நின்ற இடம் மேல் மார்பு 36, மார்பு 40. நடுவில் 4 இஞ்ச். பெரிய அமெரிக்க பேட்டர்ன் கம்பெனிகள் இந்த வித்தியாசத்தை 2 இஞ்ச் என்று வைத்துக்கொண்டுதான் வரைகிறார்கள், அதாவது பிரா அளவில் பி கப். அந்தக் கணக்கில் 40 என்று போட்ட காகிதம் மேல் மார்பு 38 உள்ள பெண்ணுக்கானது. அவள் தோளும் முதுகும் உங்களுடையதைவிட அகலம். அவளுடைய தோளை நீங்கள் போட்டுக்கொண்டால் வழியத்தான் செய்யும். முன்பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய இடம் அதில் இல்லாததால், இருக்கிற துணியை மார்பு மேலே இழுத்துக்கொண்டது. முன் ஓரம் ஏறியதற்கு அதுதான் காரணம். ஆர்ம்ஹோல் வாய் பிளந்ததும் இதனால்தான். டாட்டுக்குள் போயிருக்க வேண்டிய துணி போக இடமில்லாமல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் சைடில் பிடித்துச் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். தைக்கிற எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். சைடு தையல் கைக்குச் சுலபமாக எட்டுகிறது என்பதற்காக எல்லா வியாதிக்கும் அங்கேயே ஊசி போட்டால் எப்படி? தோளில் உள்ள கோளாறு தோளில்தான் தீரும்.

ஆகவே பேட்டர்ன் அளவை எலும்பைப் பார்த்து எடுங்கள், சதைக்கு வேண்டியதைக் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மேல் மார்பு 36 என்றால் அதோடு 2 சேர்த்து 38. அட்டவணையில் மார்பு 38 என்று இருக்கும் அளவை வெட்டுங்கள். தோள், கழுத்து, முதுகு, ஆர்ம்ஹோல் நான்கும் அப்போதே பாதி சரியாகிவிடும். மார்புக்குக் குறைகிற 2 இஞ்சை முன் பாகத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். பின் பாகத்தைத் தொடவே வேண்டாம்.

ஏன் முன்னால் மட்டும்? நம் ஊரில் லோயர், ஹையர் என்கிற அரசுப் பரீட்சை எழுதித் தையல் படித்தவர்களுக்கு மார்பை நாலால் வகுத்து முன்னும் பின்னும் போடுகிற பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. 40 என்றால் நாலில் ஒன்று 10, அதோடு லூஸ், தையலுக்கு இடம், முடிந்தது. ஒரு காரியம் செய்து பாருங்கள். மகளை விட்டு, உங்கள் இடது அக்குளுக்கு நேர் கீழிருந்து வலது அக்குளுக்கு நேர் கீழ்வரை முன்னால் அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே போலப் பின்னால். உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் முன்னால் 22, பின்னால் 18 என்கிற மாதிரி வரும். கூட்டினால் அதே 40. இருபது இருபதாக வெட்டினால் முன்னால் 2 இஞ்ச் பற்றாக்குறை, பின்னால் 2 இஞ்ச் தொங்கல். டேப்பில் 40 சரியாக வந்ததே, கவுன் ஏன் சரியாக வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது.

பேட்டர்னைக் கையில் எடுத்ததும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க பேட்டர்ன்களில் தையலுக்கான இடம் 5/8 இஞ்ச் காகிதத்திலேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் பர்தா (Burda) தையல் பத்திரிகையோடு வருபவற்றில் சேர்ந்திருக்காது, நாம்தான் விட வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டிவிட்டு, காகிதம் தப்பு என்று அழுதவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

இனி காகித வேலை. மூலக் காகிதத்தை வெட்டாதீர்கள். பிரவுன் பேப்பரில் நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். முதலில் உயரம், அடுத்து தோள், மூன்றாவது மார்பு. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும்.

உயரம். பர்தா தன் சாதாரண அளவுகளை 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு வரைகிறது. நீங்கள் 155. வித்தியாசம் 13 செ.மீ., அதாவது 5 இஞ்ச். இந்த ஐந்தையும் கீழ் ஓரத்தில் மடித்துவிட்டால் கவுன் குட்டையாகும், ஆனால் இடுப்பு வளைவு உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். குள்ளம் என்பது காலில் மட்டும் இருப்பதில்லை, கழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, பின்கழுத்தில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து நாடாவரை அளப்பதுதான் முதுகு நீளம். நீங்கள் 14¾ என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தில் அதே தூரத்தை, தையல் இடத்தை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். ஒன்றரை இஞ்ச் கூடுதலாக இருந்தால், ஆர்ம்ஹோலின் நடு உயரத்தில் குறுக்கே கோடு போட்டு அரை இஞ்ச் மடியுங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே இன்னொரு ஒரு இஞ்ச் மடியுங்கள். முன் பாகத்திலும் இதே உயரங்களில் இதே அளவு. ஆர்ம்ஹோலில் அரை இஞ்ச் எடுத்ததால் கைப் பாகக் காகிதத்தின் மேல் வளைவிலும் அரை இஞ்ச் எடுக்க வேண்டும். இதை மறந்தால் கை பொருத்தும்போது துணி மிஞ்சி, தோள்பட்டையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி புஃப் வந்து நிற்கும்.

தோள். 38-க்கு இறங்கிய பிறகு காகிதத்தின் ஷோல்டரை அளந்து பாருங்கள். உங்களுக்கு 14, காகிதத்தில் 14½ என்றால் பக்கத்துக்குக் கால் இஞ்ச். தோள் முனையில் கால் இஞ்ச் உள்ளே புள்ளி வைத்து, அங்கிருந்து ஆர்ம்ஹோலின் பாதி வரை மெதுவாகக் கலந்துவிடுங்கள். அவ்வளவுதான்.

மார்புக்குத்தான் நேரம் ஆகும். ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், சுங்குடியில் கரை கீழே வர வேண்டும் என்பதற்காக இந்தக் கவுனை இடுப்போடு வெட்டிப் பாவாடை சேர்க்கச் சொல்லப் போகிறேன். காரணம் பின்னால் வருகிறது. ஆகவே காகிதத்தை இடுப்புக் கோட்டில் வெட்டி, கீழ்ப்பகுதியை எடுத்து வைத்துவிடுங்கள். வெட்டின இடத்தில் தையலுக்கு விட வேண்டும் என்று அப்போதே காகிதத்தில் எழுதிவிடுங்கள். துணி வெட்டும் அவசரத்தில் இது கட்டாயம் மறக்கும்.

முன் பாகக் காகிதத்தை, அன்றாடம் போடுகிற பிராவோடு உடம்பின் மேல் வைத்து, கண்ணாடி முன் நின்று பாயிண்டை, அதாவது மார்பின் உச்சியை, குறியுங்கள். அந்தப் பாயிண்டிலிருந்து நேராகக் கீழே, நடு முன்கோட்டுக்கு இணையாக, இடுப்பு வரை ஒரு கோடு. அதே பாயிண்டிலிருந்து ஆர்ம்ஹோலின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குச் சாய்வாக ஒரு கோடு. மூன்றாவது கோடு, சைடில் இருக்கும் டாட்டின் நடுவிலிருந்து பாயிண்ட் வரை.

இடுப்பிலிருந்து வெட்ட ஆரம்பித்து பாயிண்ட் வரை போய், அங்கே திரும்பி ஆர்ம்ஹோலை நோக்கி வெட்டுங்கள். தையல் கோட்டுக்கு ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) முன்னால் நிறுத்திவிடுங்கள், துண்டாகிவிடக் கூடாது. அந்த நூல் அளவு காகிதம்தான் கதவுக்குக் கீல். அடுத்து சைடிலிருந்து டாட் கோட்டில் வெட்டி, பாயிண்டுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள், அங்கேயும் ஒரு கீல். இப்போது நேர்க் கோட்டின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி 1 இஞ்ச் விரியுங்கள். காகிதம் பாதி முன்பக்கம்தானே, இரண்டு பாதிக்கும் சேர்த்து 2 இஞ்ச். விரிக்கும்போதே சைடு டாட் தானாக வாயைத் திறக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் எனக்கும் அது இன்னும் அலுக்கவில்லை.

விரித்ததும் சைடுத் துண்டின் கீழ் ஓரம் நடுத்துண்டைவிடத் தாழ்ந்து நிற்கும். நடுத்துண்டைக் குறுக்கே வெட்டி, அந்த அளவுக்குக் கீழே இறக்கி ஒட்டுங்கள். உங்கள் கவுனில் முன் ஓரம் ஏறியதே, அந்த ஒரு இஞ்சை மீட்டுத் தருவது இந்த இறக்கம்தான். உயரத்தில் நாம் மடித்து எடுத்ததை மார்பு இப்படித் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறதே என்று குழம்ப வேண்டாம். முதுகு குறைந்துதான் இருக்கும், முன்பக்கம் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது. பின்னாலிருந்து ஒரு காகிதத்தை வைத்து ஒட்டி, டாட்டின் நுனியை பாயிண்டுக்கு ஒரு இஞ்ச் முன்பே முடித்துவிடுங்கள். பாயிண்ட் வரை டாட் போனால் அந்த இடம் கூம்பு மாதிரி நிற்கும்.

இப்போது இடுப்பைப் பார்க்கலாம். உங்கள் 35-க்கு 3 இஞ்ச் லூஸ் வைத்து 38 போதும். மார்பிலும் அதே 3 லூஸ், ஆக 43. சுங்குடியில் துளி இழுவை கிடையாது, இதற்குக் கீழே போகாதீர்கள். காகிதத்தில் இடுப்பு 38-க்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பாதியை பாயிண்டுக்கு நேர் கீழே ஒரு டாட்டாகவும் மீதியை சைடிலும் எடுங்கள். முழுவதையும் சைடில் எடுக்காதீர்கள். பழைய பழக்கம், கை தானாக அங்கேதான் போகும்.

ஆர்ம்ஹோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவே. கை தூக்கக் கஷ்டமாக இருந்தால் அக்குளில் இன்னும் ஆழமாக வெட்டிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குச் சுடிதார் தைத்தேன். வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோலை ஒரு இஞ்ச் இறக்கி வெட்டினேன். மறுவாரமே வந்துவிட்டார். "பஸ்ஸில கம்பியைப் பிடிச்சா மொத்த டாப்பும் சேர்ந்து மேல வருது, ஒரு கையால அதைக் கீழ இழுத்துக்கிட்டே வர்றேன்" என்று என் கடை வாசலில் கையைத் தூக்கிக் காட்டினார். பார்த்தால், கையோடு சைடும் சேர்ந்து, சீட்டிலிருந்தே துணி எழும்புகிறது. காரணம் இதுதான். ஆர்ம்ஹோல் தாழ்ந்தால் கை உடம்போடு ஒட்டுகிற இடமும் தாழ்ந்துவிடுகிறது. கை மேலே போக, சைடு முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் போக முடியும். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு அரை இஞ்ச், மிஞ்சிப்போனால் முக்கால் இஞ்ச் கீழே நின்றால் கை தனியாகத் தூக்கும், உடை அசையாது. அதோடு, தைக்கிற கையின் சுற்றளவிலும் இடம் வேண்டும். புஜம் எவ்வளவோ அதோடு 2 இஞ்ச். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாதே. அந்த டீச்சருக்கு அக்குளில் சதுரத் துண்டு ஒன்று வைத்துக் கொடுத்தேன். பாவம், நல்ல மனுஷி, அதையும் போட்டுக்கொண்டு போனார்.

காகிதம் தயார். இனி புடவையா என்றால், இல்லை. முதலில் ஒத்திகையாகத் தைத்துப் பார்க்க, மேல் பாகத்துக்கு மட்டும் ஒன்றரை மீட்டர் காடா துணி வாங்குங்கள். பழைய வேட்டி இருந்தால் அதுவும் போதும். பழைய பெட்ஷீட் எடுக்கிறவர்கள் துவைத்துத் துவைத்து இளகிப்போனதை எடுக்காதீர்கள், அது எந்த உடம்புக்கும் சரியாக இருப்பதாகப் பொய் சொல்லும். சைடிலும் தோளிலும் ஒரு இஞ்ச் விட்டு வெட்டுங்கள். மார்புக் கோட்டையும் இடுப்புக் கோட்டையும் பேனாவால் துணியிலேயே போடுங்கள். மெஷினில் தையல் நீளத்தை அதிகபட்சத்துக்குத் திருப்பிவைத்து ஓட்டுங்கள், பிரிக்கச் சுலபம். ஒரு கையை மட்டும் பொருத்தினால் போதும்.

போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்தப் பேனாக் கோடுகள் தரைக்குச் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மார்புக் கோடு முன்னால் மேலே வளைந்தால் இன்னும் கால் இஞ்ச் விரிக்க வேண்டும். ஒரு நூலில் சாவியைக் கட்டி அக்குளிலிருந்து தொங்கவிட்டால் சைடு தையல் நேராக இறங்குகிறதா, முன்னால் சாய்கிறதா என்று தெரியும். முன்னால் சாய்ந்தால் முன்பக்கம் பற்றவில்லை. சுருக்கங்களையும் பாருங்கள். இறுகிய கோடுகளாகக் குறுக்கே ஓடினால் அகலம் பற்றவில்லை. தொளதொளவென்று குறுக்கே மடிந்து கிடந்தால் நீளம் அதிகம். நெடுக்கே மடிந்தால் அகலம் அதிகம். சாய்வான சுருக்கம் எந்த இடத்தைக் கைகாட்டுகிறதோ, அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. அப்புறம் நாற்காலியில் உட்காருங்கள், தண்ணீர்க் குடம் எடுப்பது போலக் குனியுங்கள், மேல் அலமாரியில் கையை நீட்டுங்கள். கவுனைப் போட்டுக்கொண்டு பொம்மை மாதிரி நிற்கப் போவதில்லையே.

இப்போது புடவைக்கு வருகிறேன். உங்கள் பேட்டர்ன் ஏ-லைன். ஏ-லைனின் கீழ் ஓரம் வளைவு. சுங்குடியின் கரை நேர்கோடு. வளைவில் நேர்க் கரை உட்காராது. கரையைத் தனியாக வெட்டி வளைவில் ஒட்டலாம், ஆனால் அது சுருங்கிக்கொண்டு நிற்கும், அம்மா புடவைக்கு அது மரியாதையாக இருக்காது. அதனால்தான் இடுப்போடு வெட்டச் சொன்னேன். கீழே நேரான ஒரு நீளத் துண்டு, மேலே சுருக்கம், கரை அப்படியே கீழ் ஓரமாக நிற்கும். பாவாடை தைக்கிற அதே வழிதான்.

கரை புடவையின் நீளவாக்கில் ஓடுகிறது. ஆகவே புடவையைப் படுக்கவைத்து வெட்ட வேண்டும், கவுனின் உயரம் புடவையின் அகலத்தில் வரும். பாவாடைக்குத் தைத்து முடித்த நீளம் 26 இஞ்ச் என்று வைத்தால் தையலோடு 27. உங்கள் உயரத்துக்கு இது முழங்காலைத் தாண்டி, கெண்டைக்கால் சதை திரளும் இடத்துக்கு முன்பே நிற்கும். கண்ணாடி முன் நின்று துணியை ஏற்றி இறக்கிப் பார்த்து உங்கள் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். சுற்றளவுக்கு வழக்கமாக இடுப்பைப் போல இரண்டு மடங்கு எடுப்பார்கள். உங்களுக்கு ஒன்றரை மடங்கு போதும், 38-க்கு 57, தையலோடு 60. அந்தச் சுருக்கத்தையும் முன்னால் நடுவில் ஐந்து இஞ்ச் சமமாக விட்டுவிட்டு, சைடிலும் பின்னாலும் தள்ளிவிடுங்கள். வயிற்றின் மேல் சுருக்கம் குவிந்தால் இல்லாத வயிறும் இருப்பதாகத் தெரியும். இடுப்புத் தையலை உங்கள் நாடாவுக்கு அரை இஞ்ச் மேலே வைத்தாலும் நன்றாக விழும். அப்படி வைப்பதானால் காடாவிலேயே வைத்துப் பாருங்கள், பாவாடையையும் அரை இஞ்ச் நீட்டிக்கொள்ளுங்கள்.

அந்த 60 இஞ்சுக்கு அடுத்து ஒரு 45 இஞ்ச் நீளத்தில் மேல் பாகம் முன்னும் பின்னும் அடங்கும். கைகளை மறு ஓரத்தில் கரையோடு வைத்து வெட்டினால் கை முடிவில் கரை வரும். மொத்தம் மூன்று கஜத்துக்குள் முடிந்துவிடும். ஆறு கஜப் புடவையில் பாதி மிச்சம், முந்தானை முழுசாக மிச்சம். எந்தப் பாதியை எடுப்பது என்பதை அளந்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பீரோவில் வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த இடம் இற்றுப்போயிருக்கும், காலடியில் உரசிய கரையும் நைந்திருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். அங்கே நூல் விலகினால் அந்த இடத்தில் தையல் நிற்காது.

புடவையை அம்மா எத்தனையோ தடவை துவைத்திருப்பார்கள், அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது. சாயமும் போக வேண்டியது போயிருக்கும். நீங்கள் புதிதாக வாங்கும் காட்டன் லைனிங்தான் ஆபத்து. நனைக்காமல் வைத்துத் தைத்தால் முதல் துவைப்பில் உள்ளே அது சுருங்கி, வெளியே சுங்குடி பலூன் மாதிரி தொங்கும். லைனிங்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் கடைசியில் என்னைத் திட்டுவீர்கள். உங்கள் பழைய ஏ-லைன் தலைவழியாக மாட்டியிருப்பீர்கள். இப்போது இடுப்பு 38-இல் தைத்து நிற்கிறது, மார்பு 40. தலைவழியாக வராது. இடது சைடில் 14 இஞ்ச் கன்சீல் ஜிப் (வெளியே தெரியாத ஜிப்) வையுங்கள், அக்குளுக்கு 2 இஞ்ச் கீழே ஆரம்பித்து பாவாடைக்குள் இறங்கட்டும். பாவாடைத் துண்டுக்கு ஒரே ஒரு ஜாயின்ட்தானே, அதையும் அந்த இடது சைடிலேயே கொண்டுவந்துவிட்டால் தனி வேலை இல்லை.

கழுத்துக்கு பேட்டர்னில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உங்களுக்குப் பிடித்த, நன்றாக உட்கார்கிற சுடிதார் ஒன்று இருக்கும். கழுத்து அகலத்தையும் இறக்கத்தையும் அதிலிருந்து எடுங்கள். அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கிற ஊர்க்காரர்கள் நாம், அந்தப் புத்தியை இங்கேயும் உபயோகிக்கலாம். அளவு பிரித்த காகித பேட்டர்ன்களை 1863-இல் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த எபனேசர் பட்டரிக்கும் ஒரு டெய்லர்தான். ஒரே உருவத்தைப் பல அளவில் வரைந்து தருவதுதான் அவர் கண்டுபிடித்த வழி. உங்கள் கழுத்து அவருக்கு எப்படித் தெரியும்?

காடாவைத் தைத்துப் போட்டதும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் மூன்று போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மகளை எடுக்கச் சொல்லுங்கள், செல்ஃபி வேண்டாம், கையைத் தூக்கினாலே தோள் மாறிவிடும். பக்கவாட்டில் எடுக்கும்போது வயிற்றை எக்காமல் நில்லுங்கள். அதுவரை புடவை பீரோவிலேயே இருக்கட்டும்.